வீடு மாற்றுவதில் மறைந்து நிற்கும் செலவுகள்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்றைய கூட்டத்தில் ஏதேனும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வி, ஒற்றுமை, சிக்கனம் என்னும் பெரும்பொருள்களைப் பற்றி என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் பன்முறை பேசியிருக்கின்றனர். ஆகையால், யாவரும் வீட்டுக்குள்ளே பேசிக்கொள்ளுகின்ற, ஆனால் சபையில் ஒருவரும் எடுத்துப் பேசாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு குடும்பம் தான் முதன்முதல் வாங்கிய வீட்டை விற்று, வேறொரு வீட்டை வாங்கும்போது, எத்தனை வாசல்கள் வழியாகப் பணம் வெளியே போகின்றது என்பதே அவ்விஷயம்.

நம்மவர்களில் பெரும்பாலோர் பரம்பரைச் செல்வமுடையவர்கள் அல்லர். உழைத்துச் சேர்த்த பொருளையும், மனைவியின் நகையையும், வங்கிக் கடனையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு சிறு வீட்டை வாங்குகின்றோம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிகின்றன. பிள்ளைகள் வளர்கின்றனர், பெற்றோர் முதுமையெய்தி உடன்வந்து தங்குகின்றனர், இரண்டு அறை போதவில்லை. அப்பொழுது, "இதை விற்றுவிட்டுப் பெரிய வீடாக ஒன்று வாங்கிவிடுவோம்" என்னும் பேச்சு எழுகின்றது. அந்தப் பேச்சு எழுந்த மாலைப்பொழுதிலேயே ஒரு கணக்கும் போடப்படுகின்றது. பழைய வீடு என்ன விலைக்குப் போகும்? புது வீடு என்ன விலைக்கு வரும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு? அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கு தவறான கணக்கு என்பதைச் சொல்லவே நான் நிற்கின்றேன். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வீடு சுண்டைக்காய் அன்று. ஆனால் சுமைகூலி இங்கும் உண்டு. அச் சுமைகூலியை மூன்று பகுதியாகப் பிரித்துச் சொல்லுகின்றேன். விற்பதில் வரும் செலவு ஒன்று. வாங்குவதில் வரும் செலவு மற்றொன்று. விற்பதற்கும் வாங்குவதற்கும் இடையில் நிற்கும் காலத்தில் வரும் செலவு மூன்றாவது.

விற்பதில் வரும் செலவு

விற்பவருக்குப் பணம் வருமேயன்றிப் போவதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. முதலாவது, வீட்டை விற்கும் நிலைக்குக் கொண்டுவரவேண்டும். சுவரில் ஓதம் ஏறியிருந்தால் வாங்க வருபவர் லட்சக்கணக்கில் விலையைக் குறைப்பார். ஆகவே வெள்ளையடிப்பும் சிறு பழுதுபார்ப்பும் முன்னதாகச் செய்யவேண்டியிருக்கின்றது. இரண்டாவது, தரகு. நம் ஊர்களில் தரகர் இருபுறத்தாரிடமும் 100-க்கு 1 முதல் 2 வரை வாங்குவது பெருவழக்கு. முதல் நாளே பேசி முடிவு செய்யாத தரகு, பத்திரப் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் சண்டையாக முடிகின்றது.

மூன்றாவது, ஆவணங்கள். பட்டா இன்னும் முந்தைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். வீட்டுவரி ரசீது ஒரு பெயரிலும் மின் இணைப்பு வேறொரு பெயரிலும் இருக்கும். வாங்கிய காலத்தில், "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்ட வேலைகளெல்லாம் விற்கும் காலத்தில் ஒன்றாகக் கூடி எதிரே நிற்கும். தகப்பனார் பெயரிலிருந்த வீடாயின், வாரிசுச் சான்றிதழும் உடன்பிறந்தார் அனைவருடைய கையெழுத்தும் வேண்டும். சகோதரிகளுக்கு இதில் பங்கு உண்டா என்று சிலர் இன்றும் கேட்கின்றனர். தமிழ்நாட்டில் 1989-இலும், இந்தியா முழுவதிலும் 2005-இலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பூர்வீகக் குடும்பச் சொத்திலும் பெண்களுக்கு உரிமை வழங்கப்பட்டுவிட்டது. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கின்றது. அவர்களை விலக்கிவைத்துச் செய்த விற்பனை, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் ஒருங்கே வழக்கைக் கொடுக்கும்.

வீட்டின்மேல் வங்கிக் கடன் இருக்குமானால் அதையும் தீர்க்கவேண்டும். மாறும் வட்டி விகிதத்தில் தனிமனிதர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கி அபராதம் வசூலிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே உத்தரவிட்டிருக்கின்றது. கடன் முழுதும் தீர்ந்தபின் அசல் பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டுமென்றும், தவறினால் நாளொன்றுக்கு ரூ. 5,000 வீதம் நஷ்டஈடு தரவேண்டுமென்றும் 2023-இல் அது விதித்த விதி அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றது. இவ்விரண்டையும் நம்மவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும்.

நான்காவது, வருமான வரி. இதில்தான் பலர் கலங்குகின்றனர். வாங்கி 24 மாதத்திற்கு மேலான வீட்டை விற்று வரும் லாபம் நெடுங்கால மூலதன ஆதாயம் எனப்படும். 2024 ஜூலை 23 முதல் இதற்கு வரி 100-க்கு 12½ ஆகும். அத்தேதிக்கு முன் வாங்கிய வீடாயின், விலைவாசி ஏற்றத்திற்குத் தக்கபடி பழைய விலையை உயர்த்திக் கணக்கிட்டு, மீந்த ஆதாயத்திற்கு 100-க்கு 20 கட்டும் வழியும் இந்நாட்டில் வசிக்கும் தனிமனிதருக்கு உண்டு. எது குறைவோ அதைக் கொள்ளலாம்.

ஓர் உதாரணம் சொல்லுகின்றேன். 2010-11-ஆம் நிதியாண்டில் ரூ. 20 லட்சத்திற்கு வாங்கிய வீட்டை 2025-26-இல் ரூ. 60 லட்சத்திற்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். முதல் வழியில் ஆதாயம் ரூ. 40 லட்சம், வரி ரூ. 5 லட்சம். இரண்டாம் வழியில், அவ்விரண்டு ஆண்டுகளின் விலைவாசிக் குறியீட்டெண் 167, 376 ஆகையால், பழைய விலை சுமார் ரூ. 45 லட்சமாக உயர்கின்றது, ஆதாயம் ரூ. 15 லட்சமே, வரி சுமார் ரூ. 3 லட்சம். மேல்வரியை இங்கே சேர்க்கவில்லை.

ஆனால் இந்த ரூ. 3 லட்சத்தையும் கட்டாமலிருக்கச் சட்டமே வழி செய்திருக்கின்றது. விற்பதற்கு ஓராண்டு முன்னோ, விற்றபின் ஈராண்டுக்குள்ளோ வேறொரு வீடு வாங்கினாலும், மூன்றாண்டுக்குள் கட்டி முடித்தாலும், அதில் போட்ட அளவுக்கு ஆதாயத்திற்கு வரி இல்லை. வருமானக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு அமையவில்லையாயின், அந்தத் தொகையை வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்கவேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கிலோ, உறவினர் கையிலோ, வைப்பு நிதியிலோ வைத்தால் சலுகை கைநழுவிப் போகும். புதிய வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றாலும் பெற்ற சலுகை திரும்பிவிடும். விற்ற வீட்டிற்குக் கொடுத்த தரகும், அதை வாங்கியபோது கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும், பின்னர் மாடி கட்டிய செலவும் ஆதாயத்தைக் குறைக்கும் கணக்கில் சேரும். ஆனால் ரசீது வேண்டும். ரசீதைக் கிழித்தெறிபவர் பணத்தையே கிழித்தெறிகின்றார்.

வாங்குவதில் வரும் செலவு

இனி, பெருஞ்செலவுக்கு வருகின்றேன். தமிழ்நாட்டில் வீட்டுக் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 100-க்கு 7. பதிவுக் கட்டணம் 100-க்கு 2. ஆக 100-க்கு 9. 2017 ஜூனில் அரசாங்கம் வழிகாட்டி மதிப்பை 100-க்கு 33 குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பை உயர்த்திக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தது. விகிதம் குறைந்தது என்று மகிழ்பவர், அது எந்த மதிப்பின்மேல் கணக்கிடப்படுகின்றது என்பதையும் பார்க்கவேண்டும். பத்திரத்தில் எழுதிய விலை, அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மேலேயே தீர்வை கட்டவேண்டியிருக்கும்.

சில சலுகைகளும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் ரூ. 10 லட்சம் வரை மதிப்புள்ள வீடு, மனை, விளைநிலம் ஆகியவற்றைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 100-க்கு 1 குறைகின்றது. புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் விற்பனைக்கு, 2023 டிசம்பரில் வந்த ஏற்பாட்டின்படி, ரூ. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 100-க்கு 4 ஆகவும், ரூ. 3 கோடி வரை 5 ஆகவும் இருக்கின்றது. ஆனால் கட்டி முடியாத குடியிருப்பை வாங்குவோர் சரக்கு சேவை வரியையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2019 ஏப்ரல் முதல் அது பொதுவாக 100-க்கு 5. முழுதும் கட்டி முடிந்து சான்றிதழ் பெற்றபின் விற்கப்படும் வீட்டிற்கு அவ்வரி இல்லை. விலை ரூ. 50 லட்சமோ அதற்கு மேலோ ஆயின், வாங்குபவர் அதில் 100-க்கு 1 பிடித்து, விற்பவர் பேரில் வருமான வரித்துறைக்குக் கட்டவேண்டும். அது விற்பவரின் பணமே; ஆயினும் பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும்.

வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவென்று எண்ணாதீர்கள். மூலப் பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல் வருகின்றதா, வில்லங்கம் உண்டா, மைனர் பங்கு இருக்கின்றதா என்று ஆராய்வது அவர் தொழில். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நாமே கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது வேறு, படித்தறிவது வேறு. பதிவாகாத குத்தகையும், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் வில்லங்கச் சான்றில் தெரியாமலிருக்கக்கூடும்.

இங்கே ஒரு முக்கியமான சங்கதியைச் சொல்லவேண்டும். வங்கி கடன் கொடுக்கின்றதே, கவலை என்ன என்று நினைக்கின்றோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, சிறு விலை வீடுகள் தவிர மற்றவற்றில், கடனுக்காக வீட்டின் மதிப்பைக் கணக்கிடுங்கால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்க்கப்படமாட்டா. அதாவது, இந்த 100-க்கு 9 முழுவதையும் நாமே கைப்பணமாகக் கொண்டுவரவேண்டும். பதிவுக்கு நாள் குறித்தபின்னரே பல குடும்பங்கள் இதை உணர்கின்றன. அப்பொழுது என்ன நேருகின்றது? நகை அடகுக்குப் போகின்றது. பெண்ணின் கலியாணத்திற்கென்று போட்டுவைத்த வைப்பு நிதி முறிக்கப்படுகின்றது. பையனின் படிப்புப் பணம் கைமாறுகின்றது. வீடு மாற்றுவதன் உண்மையான விலையைப் பல இல்லங்களில் அந்த வீட்டுப் பெண்மக்களே செலுத்துகின்றனர் என்று நான் சொன்னால் மிகையாகாது.

இடைக்காலத்தில் வரும் செலவு

விற்ற நாளும் வாங்கிய நாளும் ஒன்றாக அமைவது அரிது. முன்னே விற்றால் வாடகை வீடு தேடவேண்டும். வாடகைக்கு முன்பணம், இரண்டுமுறை சாமான் ஏற்றி இறக்கும் கூலி, உடைந்த பொருள், அலைச்சல். முன்னே வாங்கினால் இரண்டு வீட்டிற்கும் வட்டி கட்டவேண்டும். பழையதை அவசரத்தில் விலை குறைத்து விற்கவும் நேரும். இரண்டில் எது மேல் என்று கேட்பீர்களானால், கையில் ஓராண்டுத் தவணைக்குப் பணம் இல்லாதவர் முன்னே விற்பதே பத்திரம் என்பது என் அபிப்பிராயம். வாடகை எவ்வளவென்று முன்னரே தெரியும். அவசர விற்பனையின் நஷ்டம் எவ்வளவென்று ஒருவருக்கும் தெரியாது.

அச்சாரம் கொடுத்து வாயால் பேசி முடிப்பது பழைய வழக்கம். பெரியோர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட காலத்தில் அது போதும். தமிழ்நாட்டில் 2012-இல் செய்யப்பட்ட பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி விக்கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்யவேண்டும். கெடு எத்தனை மாதம், கெடு தவறினால் முன்பணம் என்ன ஆகும், வீட்டை என்றைக்கு ஒப்படைப்பது ஆகிய மூன்றும் அதில் தெளிவாக இருக்கவேண்டும். நாம் விற்கும் வீட்டின் கெடுவையும் வாங்கும் வீட்டின் கெடுவையும் ஒன்றுக்கொன்று பொருந்த எழுதிக்கொண்டால் பாதித் துன்பம் நீங்கும்.

மொத்தக் கணக்கு

மேலே சொன்ன குடும்பமே தன் ரூ. 60 லட்சம் வீட்டை விற்று, ரூ. 80 லட்சத்திற்கு ஒரு பழைய தனி வீட்டை வாங்குவதாகக் கொள்வோம். வித்தியாசம் ரூ. 20 லட்சம் என்று அவர்கள் எண்ணியிருக்கின்றனர். அரசாங்கத் தீர்வைகள் நீங்கலாக மற்றத் தொகைகளை ஓர் உத்தேசமாகவே சொல்லுகின்றேன். ஊருக்கு ஊர் அவை மாறும்.

விற்பதில் தரகு ரூ. 60,000, வெள்ளையடிப்பும் பழுதுபார்ப்பும் ரூ. 60,000, ஆவணச் செலவு ரூ. 10,000. ஆக ரூ. 1,30,000.

வாங்குவதில் முத்திரைத் தீர்வை ரூ. 5,60,000, பதிவுக் கட்டணம் ரூ. 1,60,000, தரகு ரூ. 80,000, வக்கீலுக்கும் பத்திர எழுத்தருக்கும் ரூ. 25,000, வங்கிக் கடன் சம்பந்தமான கட்டணங்கள் ரூ. 30,000. ஆக ரூ. 8,55,000.

இடைக்காலத்திலும் குடியேறுவதிலும் மூன்று மாத வாடகை ரூ. 45,000; சாமான் ஏற்றுகூலி ரூ. 30,000; பட்டா, வீட்டுவரி, மின் இணைப்புப் பெயர் மாற்றங்களுக்கு ரூ. 10,000, தச்சு வேலை, கம்பிக் கதவு, மோட்டார் முதலியவை ரூ. 1,50,000, கிரகப்பிரவேசம் ரூ. 60,000. ஆக ரூ. 2,95,000.

மூன்றையும் கூட்டினால் ரூ. 12,80,000. ரூ. 20 லட்சம் என்று எண்ணியது ரூ. 32,80,000 ஆயிற்று! இந்த ரூ. 12,80,000-இல் ஒரு செங்கல்கூட வீட்டில் கூடவில்லை என்று சொல்லலாம். தச்சு வேலையும் மோட்டாரும் நீங்கலாக மற்றவை யாவும் இடமாற்றத்திற்குக் கொடுத்த கூலியே.

இத்தொகையை வேறொரு விதமாகவும் பார்க்கவேண்டும். புதிய வீட்டில் அக்குடும்பம் 15 ஆண்டுகள் வாழுமானால், மாதம் ஒன்றுக்குச் சுமார் ரூ. 7,100 வாடகை கொடுத்ததற்கு ஒப்பாகும். அறை கூடிய வசதிக்கு அது தகும். நான்கே ஆண்டுகளில் உத்தியோக மாற்றத்தாலோ மனமாற்றத்தாலோ மறுபடியும் விற்குமானால், மாதம் ஒன்றுக்குச் சுமார் ரூ. 26,700 ஆகின்றது. அந்த வாடகைக்கு நம்மில் எத்தனை பேர் குடியிருப்போம்? ஆகவே, வீடு மாற்றும் செலவை ஜீரணிக்கக்கூடியது ஆண்டுகளின் எண்ணிக்கை ஒன்றே. நான் இன்று சொல்லவந்த சாரம் இதுதான்: பத்தாண்டுக்குக் குறையாமல் வாழ்வோம் என்னும் உறுதியில்லாத வீட்டிற்காக, இருக்கின்ற வீட்டை விற்காதீர்கள்.

குறுக்குவழி

இவ்வளவு செலவா என்று மலைக்கும்பொழுது, "பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி, மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடலாம்" என்று அருகிலிருந்து ஒருவர் யோசனை சொல்லுவார். இந்த யோசனை எந்த ஊரிலும் கிடைக்கும், கட்டணமில்லை. ஆனால் இதனால் விளையும் கேட்டைக் கேளுங்கள். 2015 ஜூன் முதல் அசையாச் சொத்து விற்பனைக்காக ரூ. 20,000-மோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டத்திற்கு விரோதம். பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். வழிகாட்டி மதிப்புக்கு மிகவும் கீழே எழுதினால், அம்மதிப்பையே விற்பனை விலையாகக் கொண்டு வரி போடுவார்கள். குறைத்து எழுதிய விலைக்கே வங்கி கடன் தரும். மீதிக்குக் கந்துவட்டி வாசலில் நிற்கவேண்டும்.

இவை யாவற்றினும் பெரிது ஒன்று உண்டு. இன்று வாங்குபவர் நாளை விற்பவர் ஆவார். அன்று அவர் பத்திரத்தில் எழுதிய குறைந்த விலையே அவருடைய வாங்கிய விலை. ரூ. 80 லட்சம் கொடுத்தவர் ரூ. 50 லட்சம் என்று எழுதினால், பிற்காலத்தில் தாம் காணாத ரூ. 30 லட்சம் லாபத்திற்கும் கணக்குச் சொல்லவேண்டும். வழக்கு நேர்ந்து கிரயம் ரத்தாகுமானால், ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சாட்சி யார்? நேர்வழி நீளமானது, ஆனால் அதில் பள்ளம் இல்லை.

விற்காமலே செய்யத்தக்கவை

இடம் போதவில்லை என்பதற்கு விற்பது ஒன்றே மருந்தன்று. அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டு, முறைப்படி அனுமதி பெற்று, மேலே இரண்டு அறை எழுப்பலாம். மேற்படி குடும்பம் இடமாற்றக் கூலிக்குக் கொடுத்த ரூ. 12,80,000, அந்த வேலையில் ஒரு நல்ல பாகத்திற்குப் போதுமே! அன்றியும், கட்டிய அறை நம்முடையதாக நிற்கும். கொடுத்த கூலி நிற்காது.

பிள்ளைக்கு வீடு வேண்டுமென்பதற்காக விற்று வாங்க எண்ணும் பெற்றோர்களும் உள்ளனர். தந்தை தம் வீட்டை மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மெண்டுப் பத்திரத்தின் மூலம் கொடுத்தால், 2023 ஜூலையில் உயர்த்திய அளவின்படியும், முத்திரைத் தீர்வை 100-க்கு 1 வீதம் ரூ. 40,000-க்கு மேற்படாமலும், பதிவுக் கட்டணம் ரூ. 10,000-க்கு மேற்படாமலுமே இருக்கின்றது. ரூ. 80 லட்சம் வீட்டைப் பிறரிடம் வாங்க ரூ. 7,20,000 தீர்வை, அதே மதிப்புள்ள வீட்டைக் குடும்பத்துக்குள் கொடுக்க ரூ. 50,000. ஆனால் இங்கும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். தம் ஆயுள்வரையில் தாமும் தம் மனைவியும் அதில் குடியிருக்கும் உரிமையையும், பராமரிக்கப்படவேண்டும் என்னும் நிபந்தனையையும் பத்திரத்தில் எழுதாமல் முதியோர் கையெழுத்திடலாகாது. 2007-ஆம் ஆண்டு வந்த பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்ட நிபந்தனையோடு கொடுத்தபின் பிள்ளைகள் கைவிட்டால் பத்திரத்தை ரத்துச் செய்ய இடம் தருகின்றது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் வாதத்திற்கே இடமில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

முதல் வீடு வாங்கியபொழுது பெரும்பாலும் மனைவியின் நகை உருகியிருக்கின்றது. அந்த வீடு விற்கப்படும்பொழுது அவருக்குத் தெரியப்படுத்துவது மரியாதைக்காக மட்டுமன்று; அது நியாயம். புதிய பத்திரத்தில் இருவர் பெயரும் இடம்பெறவேண்டும் என்று நான் சொல்லுகின்றேன். இருவர் பெயரில் எழுதுவதால் முத்திரைத் தீர்வை ஒரு ரூபாயும் கூடுவதில்லை. ஆனால் ஒருவர் காலமானால் மற்றவர் தெருவில் நிற்கவேண்டாம். வருமான வரிச் சலுகையைப் பொறுத்தவரை, விற்ற வீடு எவர் பெயரில் இருந்ததோ அவர் பெயர் புதிய பத்திரத்திலும் இருப்பது அவசியமாகையால், பெயர்களை முடிவு செய்யுமுன் ஆடிட்டர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கம் செய்யத்தக்கது

இறுதியாக, இச்சபைக்கு ஒரு விண்ணப்பம். நம் அங்கத்தினர்களில் வக்கீல்கள் இருக்கின்றனர், ஆடிட்டர்கள் இருக்கின்றனர், பத்திர எழுத்தர்களும், வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றோரும், கட்டட வேலை அறிந்தோரும் இருக்கின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் இவர்களில் மூவர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, வீடு விற்கவோ வாங்கவோ எண்ணும் நம் குடும்பங்களின் பத்திரங்களைப் பார்த்து யோசனை சொல்லுவார்களானால், அது அன்னதானத்துக்கு ஒப்பான தருமம் ஆகும். கலியாணத்துக்கு ஜாதகம் பார்க்கின்றோம். ஆயுட்கால உழைப்பைக் கொட்டும் கிரயத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்து பத்திரம் பார்க்கவேண்டாமா?

அவ்வாறு வருவோர் கையில் ஒரு தாளில் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதிக்கொண்டு வரட்டும். புதிய வீட்டில் எத்தனை ஆண்டு வாழப்போகின்றோம்? விற்பது, வாங்குவது, இடைக்காலம் ஆகிய மூன்றிலும் செலவு மொத்தம் எவ்வளவு? அதில் வங்கி கொடாத பங்கு எங்கிருந்து வரும்? அதற்காக எந்த நகையும் எந்தப் பிள்ளையின் படிப்பும் தொடப்படுமா? இருக்கின்ற வீட்டிலேயே இக்குறையைத் தீர்க்க வழியில்லையா? இவ்வைந்துக்கும் திருப்தியான விடை கிடைக்குமானால், தாராளமாக விற்று, தாராளமாக வாங்கி, நல்ல நாளில் குடிபுகட்டும்; நாம் யாவரும் சென்று வாழ்த்துவோம். ஒன்றுக்கேனும் விடை தடுமாறுமானால், அச்சாரம் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிவைக்கட்டும். ஒரு மாதம் பொறுத்ததால் வீடு இழந்தவரினும், ஒரு மாதம் பொறாததால் வீடு இழந்தவரே அதிகம்.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்பது பழமொழி. வீட்டை மாற்றிப்பார் என்பதையும் இக்காலத்தில் அதனோடு சேர்த்துக்கொள்ளவேண்டும்.